குளுவாங் பழைய தபால்தலைக் கடை: ஊர் முத்திரைக்குக் காசு கொடுங்கள்

மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில், குளுவாங் ரயில் நிலையத்திலிருந்து இந்தக் கடைக்கு நடந்தே போய்விடலாம். பழைய கடைவீட்டு மாடி. கீழே அஞ்சடியில் பெயர்ப்பலகை கிடையாது. படிக்கட்டுச் சுவரில் 'ஸ்டாம்பு, பழைய காசு, ரயில் டிக்கெட்' என்று கையால் எழுதி ஒட்டிய அட்டைதான் அடையாளம். பழைய காசு எல்லா ஊரிலும் கிடைக்கும். இந்தப் படி ஏற வேண்டியது, இடப்பக்கச் சுவரில் அடுக்கி வைத்திருக்கும் சப்பாத்துப் பெட்டிகளுக்காக. ஒவ்வொரு பெட்டியின் முகத்திலும் ஓர் ஊர்ப்பெயர். மேல்தட்டில் சிகாமட், லாபிஸ், பாலோ, குளுவாங், ரெங்கம், லாயாங் லாயாங், கூலாய், ஜொகூர் பாரு. கீழ்த்தட்டில் மூவார், பத்து பகாட், கோத்தா திங்கி, மெர்சிங்.

தபால்தலை விற்பவர்கள் வழக்கமாக எந்த நாடு, எந்த ராஜா, எத்தனை காசு என்று பார்த்துப் பிரிப்பார்கள். இங்கே எந்த ஊர்த் தபால் நிலையம் முத்திரை குத்தியது என்று பார்த்துப் பிரித்திருக்கிறார்கள். ஜொகூர் தபால்தலைகளுக்கு இதைவிடப் பொருத்தமான பிரிப்பு வேறில்லை. சுல்தான் இப்ராகிம் 1895 முதல் 1959 வரை ஆண்டவர். அறுபது ஆண்டுகளுக்கு மேல் பெரும்பாலும் அதே முகம்தான் தபால்தலையில். அந்த முகத்தை மட்டும் வைத்துக்கொண்டு நாட்டில் என்ன நடந்தது என்று சொல்ல முடியாது. வட்ட முத்திரைக்குள் இருக்கும் ஊர்ப்பெயரும் தேதியும் சொல்லும்: சடக்கு எங்கே வந்தது, ரயில் எங்கே நின்றது, எந்த ஊர் எப்போது முளைத்தது என்று.

பெட்டிகளின் வரிசையைக் கவனியுங்கள். மேல்தட்டில் இருப்பது கம்பிச்சடக்கு ஊர்கள், வடக்கிலிருந்து தெற்காக, ரயில் நிற்கும் அதே ஒழுங்கில். கீழ்த்தட்டில் இருப்பது ஆற்று முகத்துவார ஊர்களும் ஆற்றங்கரை ஊர்களும். ரயில் வருவதற்கு முந்திய ஜொகூர் பெரும்பாலும் இப்படி நீரோர ஊர்களால் ஆனது. தெமெங்கோங் என்ற பட்டத்தோடு ஜொகூரை ஆண்ட டாயிங் இப்ராகிம் 1855இல் தஞ்சோங் புத்ரியில் ஊர் அமைத்தார். 1862இல் பொறுப்புக்கு வந்த அவர் மகன் அபு பாக்கார் 1866இல் அதற்கு ஜொகூர் பாரு என்று பெயர் வைத்தார். 1868இல் மகாராஜா ஆனார். 1885இல் பிரிட்டனோடு செய்த ஒப்பந்தத்தில் சுல்தான் ஆனார். அவர் காலத்தில் ஆறுதான் வழி. ஆற்றுக்கு ஒரு சீனத் தலைவர், அவருக்குக் கங்சூ என்று பெயர். மகாராஜாவிடம் 'சூராட் சுங்கை' என்ற ஆற்றுப் பத்திரம் வாங்கிக்கொண்டு அவர் ஆள் இறக்குவார், மிளகும், தோல் பதனிட உதவும் காம்பிரும் பயிராகும், விளைச்சல் படகில் இறங்கும். 1917இல் அந்த முறை ஒழிக்கப்பட்டது. கங்சூவின் குடியிருப்புக்குக் கங்கார் என்று பெயர்; கங்கார் பூலாய், கங்கார் தெப்ராவ் என்ற ஊர்ப்பெயர்களில் அது இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

குளுவாங் அந்த வரைபடத்தில் பெரிதாக எங்கும் இல்லை. 1904 ஒப்பந்தத்துக்குப் பிறகு கிம்மாஸிலிருந்து ஜொகூர் பாரு வரை சுமார் 120 மைல் தண்டவாளம் போட ஆரம்பித்தார்கள். 1909 ஜூலையில் முழுப்பாதையும் திறந்தது. பாதைக்குச் சொந்தக்காரர் ஜொகூர் அரசாங்கம். வண்டி ஓட்டியது எஃப்.எம்.எஸ். ரயில்வே, அதாவது கூட்டரசு மலாய் மாநிலங்களின் ரயில்வே. தண்டவாளம் உள்நாட்டுக் காட்டை வெட்டிக்கொண்டு போனதும் அதன் இருபுறமும் கித்தாத் தோட்டம் வந்தது. தோட்டத்துக்குத் தபால் வந்தது. கட்டை தூக்கியவர்களிலும் மண் வெட்டியவர்களிலும் தமிழர் கை பெரும்பங்கு. ஸ்டேஷன் மாஸ்டர், கிராணி வேலைகளில் யாழ்ப்பாணத்தார் நிறைய இருந்தார்கள். ஆகவே மேல்தட்டுப் பெட்டிகள் நமக்கு வெறும் சேகரிப்புப் பொருள் அல்ல. லயத்தில் இருந்தவர் எழுதிய கடிதமும் இதே ஊர் முத்திரை வழியாகத்தான் வெளியே போனது.

இனி விலை. ஜொகூர் பாரு முத்திரை உள்ள சாதாரணத் தபால்தலை 50 காசு. குளுவாங் முத்திரை, இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தியது, 2 வெள்ளி. போருக்கு முந்திய இப்ராகிம் தலையில் குளுவாங் முத்திரை தெளிவாக இருந்தால் 8 முதல் 15 வெள்ளி வரை. பாலோ, லாயாங் லாயாங் மாதிரிச் சிறிய ஊர் முத்திரை 20 வெள்ளிக்குக் குறையாது. இந்த விலை நியாயமானது. சிறிய தபால் நிலையத்தில் குத்திய தலைகளின் எண்ணிக்கையே குறைவு; அதிலும் முழு வட்டமும் தலைக்குள் விழுந்தது இன்னும் குறைவு.

'முழு வட்டம்' என்பதில் கண்டிப்பாக இருங்கள். மேல்வளைவில் ஊர்ப்பெயர், கீழ்வளைவில் மாநிலத்தின் பெயர், நடுவில் தேதி: மூன்றும் படிக்க வர வேண்டும். ஆங்கிலத்தில் ஜொகூர் என்று எழுதும்போது பழைய முத்திரைகளில் கடைசியில் 'இ' எழுத்து இருக்கும், அது பிழையல்ல. மூவாரின் பழைய முத்திரைகளில் பண்டார் மகாராணி என்றும், பத்து பகாட்டின் முத்திரைகளில் பண்டார் பெங்காரம் என்றும் இருப்பதைப் பார்த்துவிட்டு வேறு ஊர் என்று ஒதுக்கிவிடாதீர்கள். அந்த ஊர்களுக்கே இருந்த மறுபெயர்கள் அவை. கடையில் இரண்டையும் சரியான பெட்டியில்தான் போட்டிருக்கிறார்கள். கடைக்காரருக்கு விஷயம் தெரியும் என்பதற்கு அது ஒன்றே போதும்.

உறையிலிருந்து வெட்டிய துண்டோடு சேர்ந்த தலை கிடைத்தால் வீட்டில் போய் ஊறவைத்துப் பிரிக்க வேண்டாம். அகலம் 4 அங்குலம், உயரம் 2 அங்குலம் என்ற அளவில் துண்டு இருந்தால் முத்திரை முழுதாக நிற்கும், அதுதான் மதிப்பு. முழு உறையாக இருந்தால் கத்தரியே எடுக்கக்கூடாது.

குளுவாங் பெட்டியைக் கிளறும்போது ஆறாம் ஜார்ஜ் மன்னர் தலையில் 'பி.எம்.ஏ. மலாயா' என்று மேலச்சு (ஏற்கெனவே அச்சான தலைமேல் மறுபடி அடித்த எழுத்து) விழுந்த தலைகள் நிறைய வரும். ஜொகூர்ப் பெட்டியில் இவை எப்படி என்று புதியவர்கள் தள்ளிவிடுகிறார்கள். 1945இல் ஜப்பானியர் போன பிறகு பிரிட்டிஷ் ராணுவ நிர்வாகம் நீரிணைக் குடியேற்றத்தின் (சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா) தலைகளிலேயே அப்படி அச்சடித்து மலாயா முழுக்க விற்றது. ஜொகூருக்கு மறுபடி சுல்தான் முகம் கொண்ட முழுத் தொகுதி வந்தது 1949இல். இடைப்பட்ட ஆண்டுகளின் குளுவாங் தபாலுக்கு இந்த மேலச்சுத் தலைதான் சாட்சி. விலையும் மலிவு. புதிதாகத் தொடங்குகிறவர் இதிலிருந்து ஆரம்பிக்கலாம்.

கடையின் பலவீனம் கண்ணாடி அலமாரியில் இருக்கிறது. அங்கேதான் பணம் போகும்.

அலமாரியின் மேல்வரிசை டாலர் மதிப்புத் தலைகள். ஜொகூர்த் தலைகள் தபாலுக்கும் வரிக்கும் ஒன்றாகப் பயன்பட்டவை. கடிதத்துக்குக் காசு மதிப்புப் போதும். டாலர் மதிப்பு பெரும்பாலும் நிலப் பத்திரத்திலும் ஒப்பந்தத்திலும் ஒட்டப்பட்டது. பத்திரத்தில் ஒட்டியதன் மேல் பேனாக் கீறலோ ஊதா நிற ரப்பர் முத்திரையோ இருக்கும். அதற்கு விலை சொற்பம். தபால் முத்திரை விழுந்த டாலர் தலைக்கு விலை அதிகம். இந்த இடைவெளியில்தான் ஏமாற்று வேலை நடக்கிறது: பேனா மையைக் கழுவிவிட்டு, மேலே போலித் தபால் முத்திரையைக் குத்திவிடுவார்கள். இந்தக் கடையில் அப்படிச் செய்கிறார்கள் என்று சொல்லவில்லை. வாங்கிவந்த தொகுப்புகளில் கலந்து வந்ததைப் பிரிக்காமல் அலமாரியில் வைத்திருக்கிறார்கள். 'தபாலில் பயன்பட்டது' என்ற சீட்டை நம்பி வாங்கினால் நஷ்டம் நமக்கு.

கண்டுபிடிப்பது கடினமில்லை. லண்டனில் டி லா ரூ நிறுவனம் அச்சடித்த இந்தத் தலைகளின் ஊதாவும் பச்சையும் வேண்டுமென்றே தண்ணீருக்கு நிற்காத மையால் ஆனவை. முத்திரையைக் கழுவ முயன்றால் தலையே காட்டிக்கொடுக்க வேண்டும் என்பதுதான் அந்த மையின் நோக்கம். ஆகவே முதலில் நிறத்தைப் பாருங்கள். பக்கத்தில் ஒரு மலிவான, சந்தேகமில்லாத தலையை வைத்து ஒப்பிடுங்கள்; பச்சை மஞ்சளாக வெளிறியிருந்தால் தண்ணீர் பட்டிருக்கிறது. அடுத்து, தலையைச் சாய்த்து வெளிச்சத்தில் பிடித்து மேற்பரப்பைப் பாருங்கள். சுண்ணம் பூசிய தாளுக்கு மென்மையான பூச்சு இருக்கும். கழுவிய இடத்தில் அது போய் நார் எழும்பியிருக்கும். பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் லென்ஸில் பேனாக் கீறலின் பள்ளம் மை போன பிறகும் தெரியும். புற ஊதா விளக்கு வைத்திருப்பவர்களுக்கு இன்னும் எளிது: கழுவிய மையின் தடம் தனியாகத் தெரியும். கடையில் அந்த விளக்கு இருக்கிறது. கேட்டால்தான் எடுத்துத் தருவார்கள். கேளுங்கள்.

சுண்ணத் தாளா என்று பார்க்க ஓரத்தில் வெள்ளிக்கம்பியால் உரசும் பழைய முறை ஒன்று உண்டு. கறுப்புக் கோடு விழுந்தால் சுண்ணத் தாள். அதைச் செய்யாதீர்கள். கோடு அழியாது, தலை கெட்டுவிடும்.

இரண்டாம் வரிசையில் முடிசூட்டுத் தலைகள். அபு பாக்கார் 1895 ஜூனில் லண்டனில் காலமானார். இப்ராகிம் அதே ஆண்டு நவம்பர் 2இல் முடிசூடினார். புது முகம் அச்சாகி வர நாளாகும் என்பதால் தந்தையின் தலைமேலேயே 'கெமாகோத்தாஆன்', அதாவது முடிசூட்டு, என்று மேலச்சு அடித்து 1896இல் வெளியிட்டார்கள். கடையின் சீட்டில் '1896 முடிசூட்டு விழா' என்று இருக்கிறது. விழா 1895, வெளியீடு 1896. சின்னப் பிழைதான், ஆனால் ஆல்பத்தில் எழுதும்போது அப்படியே எழுதிவிடாதீர்கள். இந்த மேலச்சில் 'எம்' வர வேண்டிய இடத்தில் 'டி' விழுந்து 'கெத்தாகோத்தாஆன்' என்று ஆன பிழைத்தலை உண்டு. விலை கூடுதல். விலை கூடினாலே போலியும் உண்டு. மேலச்சின் மை முத்திரையின் மை மேல் ஏறியிருக்கிறதா என்று லென்ஸில் பாருங்கள். மேலச்சு முதலில், முத்திரை பிறகு. அதுதான் இயல்பான வரிசை. தலைகீழாக இருந்தால் யாரோ பிற்பாடு அச்சடித்திருக்கிறார்கள்.

ஜொகூரின் முதல் தபால்தலை என்று சொல்லப்படுவது 1876ஆம் ஆண்டினது: நீரிணைக் குடியேற்றத்தின் பழுப்பு நிற 2 காசுத் தலைமேல் பிறையும் நட்சத்திரமும். இந்தக் கடையில் ஒன்று இருக்கிறது. நிபுணர் சான்றிதழ் இல்லை. சான்றிதழ் இல்லாமல் இதை எந்த விலைக்கும் வாங்க வேண்டாம். பிறையும் நட்சத்திரமும் குத்துவதற்கு ஒரு சிறிய ரப்பர் அச்சு போதும்; போலி மலிந்த தலை இது.

ரயில் டிக்கெட் பெட்டிக்கு வருவோம். அட்டை டிக்கெட்டுகள், எட்மண்ட்சன் முறையில் அச்சானவை: 57 மில்லிமீட்டர் நீளம், 30 மில்லிமீட்டர் அகலம், இரு முனையிலும் வரிசை எண். பெட்டிமேல் 'சுல்தான் காலத்து டிக்கெட்' என்று எழுதியிருக்கிறார்கள். உள்ளே இருப்பதில் பெரும்பகுதி கே.டி.எம்., அதாவது கெரெத்தாப்பி தானா மலாயு, பெயர் போட்டது. அந்தப் பெயர் வந்தது 1962இல். போருக்கு முந்தியது என்றால் எஃப்.எம்.எஸ்.ஆர். என்று இருக்க வேண்டும். போருக்குப் பிறகு மலாயன் ரயில்வே. ஒரே டிக்கெட்டில் எஃப்.எம்.எஸ்.ஆர். எழுத்தும் மலாய் மொழியில் ரயிலைக் குறிக்கும் 'கெரெத்தாப்பி' என்ற சொல்லும் சேர்ந்து வந்தால் வைத்துவிட்டு நகருங்கள்.

அட்டையின் ஓரத்தைப் பாருங்கள். அசலில் நடுத்தாள் மங்கலான கூழ்நிறம், மேல்தாள் மட்டும் வண்ணம். அழுத்தி ஒட்டியது, நகத்தால் பிரியாது. கலர் நகல் எடுத்து அட்டையில் ஒட்டியதில் விளிம்பில் பசைக்கோடு தெரியும். தேதி அச்சு மேசை இயந்திரத்தில் டிக்கெட்டைச் செருகி அழுத்தும்போது விழுவது; பின்பக்கம் விரல் வைத்தால் சற்றே எழும்பியிருக்கும். தேதி மையில் தட்டையாக இருந்தால் சந்தேகம். டிக்கெட் கிழித்தவர் இடுக்கியால் வெட்டிய பள்ளம் இருந்தால் அது குறையல்ல, பயணம் நடந்ததற்கு அத்தாட்சி. நல்ல குளுவாங்–ஜொகூர் பாரு டிக்கெட், கே.டி.எம். காலத்தது, 5 வெள்ளி. அந்தக் காசுக்கு வாங்கலாம். பெட்டியின் பெயரை மட்டும் நம்ப வேண்டாம்.

ரயில் படம் தேடுகிறவர்களுக்கு 1960ஆம் ஆண்டு ஜொகூர்த் தொகுதியின் 8 காசுத் தலையைக் காட்டுவார்கள். சுல்தான் இஸ்மாயில் படத்தோடு ஒரு ரயில் வண்டி. அழகான தலை. ஆனால் அந்த ரயில் கிழக்குக்கரைப் பாதையில் ஓடியது. எல்லா மாநிலங்களுக்கும் ஒரே படத்தைப் போட்டு, அந்தந்த ஆட்சியாளர் முகத்தையோ மாநிலச் சின்னத்தையோ மட்டும் மாற்றினார்கள். குளுவாங் வழிப் பாதைக்கு அது படம் ஆகாது. குளுவாங் முத்திரை விழுந்த 8 காசு கிடைத்தால் மட்டும் எடுங்கள். இரண்டும் ஒன்று சேர்ந்து ஓர் அர்த்தம் வரும்.

ஜொகூர் நீரிணைப் பாலத்தின் பழைய அஞ்சலட்டைகள் கடையின் நல்ல பகுதி. பாலத்துக்கு முன்னால் ரயில் நீரிணைக் கரையில் நின்றுவிடும். சிங்கப்பூர்ப் பக்கம் 1903இலேயே தண்டவாளம் உட்லண்ட்ஸ் வரை வந்துவிட்டது, நடுவில் தண்ணீர். ஆட்கள் படகில் கடந்தார்கள், சரக்குப் பெட்டிகளை மிதவையில் ஏற்றிக் கடத்தினார்கள். கித்தா ஏற்றுமதி பெருகப் பெருக மிதவை தாங்கவில்லை. கல் கொட்டி அணை மாதிரிப் பாலம் கட்டினார்கள்: நீளம் 1,056 மீட்டர். சரக்கு ரயில் 1923 செப்டம்பரில், பயணி ரயில் அக்டோபரில், அதிகாரப்பூர்வத் திறப்பு 1924 ஜூன் 28இல். ஜொகூர் முனையில் படகுகள் போக ஒரு கால்வாயும் தூக்குப்பாலமும் இருந்தன. 1942 ஜனவரி 31இல் பின்வாங்கிய பிரிட்டிஷ் படை பாலத்தைத் தகர்த்தது. அந்தக் கால்வாயும் அதோடு போனது. ஆகவே அஞ்சலட்டையில் தூக்குப்பாலம் தெரிந்தால் எடுத்த படம் போருக்கு முந்தியது.

படம் பழையது என்பதால் அட்டையும் பழையது ஆகிவிடாது. லென்ஸில் வானப் பகுதியைப் பாருங்கள். ஒழுங்கான சதுர வரிசையில் புள்ளி தெரிந்தால் அச்சு. புள்ளியே இல்லாமல் வெள்ளியின் மினுமினுப்பு இருளான மூலைகளில் தெரிந்தால் புகைப்படத் தாளில் நேரடியாக எடுத்தது. இரண்டாவதற்குத்தான் 60 வெள்ளிக்கு மேல் கொடுக்கலாம். கடையில் இரண்டையும் தனித்தனி உறையில் வைத்திருக்கிறார்கள், விலையும் பிரித்துத்தான் எழுதியிருக்கிறார்கள். டாலர் தலைகளுக்கும் இந்தக் கவனத்தைக் காட்டியிருக்கலாம்.

சுவரில் தொங்கும் மறுஅச்சு வரைபடம், 25 வெள்ளி, வீட்டுச் சுவருக்குப் பார்வையாக இருக்கும். அதில் ஜொகூர் பாருவிலிருந்து பூலாய் மலை உச்சி வரை மர ரயில்பாதை வரைந்திருக்கிறது. அபு பாக்கார் 1869இல் அந்தப் பாதையைத் தொடங்கியது உண்மை. அது மலாயாவின் முதல் ரயில் முயற்சி. தண்டவாளமே மரம். போட்டது கொஞ்சத் தூரம்தான், மலை அதைவிடத் தூரம். கறையான் அரித்தது, பணமும் போதவில்லை, 1875இல் கைவிட்டார்கள். வரைபடத்தில் கோடு மலை ஏறுகிறது, தரையில் ஏறவில்லை. மூவாரிலிருந்து பாரிட் ஜாவாவுக்கு 1890இல் திறந்த குட்டி ரயில்பாதை, சுமார் 14 மைல், உண்மையாகவே ஓடிய பாதை, வரைபடத்தில் இல்லை. சடக்கும் மோட்டார் வண்டியும் வந்த பிறகு 1920களில் அது மூடப்பட்டது. மூவாருக்கு இன்றும் ரயில் கிடையாது. அதை விட்டுவிட்டு வரைந்த வரைபடத்தைப் பள்ளிக்கூடத்துக்கு வாங்கித் தர வேண்டாம்.

பாதுகாப்பு விஷயத்தில் கடை இன்னும் நிறையத் திருத்த வேண்டும். மாடியில் குளிர்சாதனம் இல்லை, மின்விசிறி மட்டும். மழைக்காலத்தில் குளுவாங் காற்றில் இருக்கும் ஈரம் தபால்தலைக்கு எதிரி. பசை இளகித் தலை ஒன்றோடொன்று ஒட்டும். தாளில் பழுப்புப் புள்ளி விழும். அதைத் துரு என்பார்கள், உண்மையில் பூஞ்சை. புள்ளி விழுந்த தலையை நல்ல தலைகளோடு வைத்தால் பரவும். வாங்கும் ஒவ்வொரு தலையையும் இடுக்கியால் பிடித்துத் திருப்பி, பின்பக்கத்தை வெளிச்சத்தில் பாருங்கள்: புள்ளி, மெலிந்த இடம், கிழிசல் மூன்றும் பின்னாலிருந்துதான் தெரியும்.

விலை கூடிய தலைகளைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுத் தருகிறார்கள். முகர்ந்து பாருங்கள். புது மழைக்கோட்டு வாசம் வந்தால் அது பி.வி.சி.; வெப்பத்தில் எண்ணெய் கசிந்து மையை இழுத்துவிடும். வீட்டுக்குப் போனதும் பாலியெஸ்டர் உறைக்கோ மெல்லிய, வழுவழுப்பான கிளாசின் தாளுக்கோ மாற்றுங்கள். ஆல்பத்தைப் படுக்கவைத்து அடுக்காமல் புத்தகம் மாதிரி நிறுத்தி வையுங்கள். அடுக்கினால் அடியில் இருப்பது அழுத்தத்தில் ஒட்டிக்கொள்ளும். இறுக்கமாக மூடும் பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் வையுங்கள், உள்ளே ஈரப்பதம் 50 சதவிகித அளவில் நிற்க வேண்டும். ஈரப்பதம் காட்டும் சின்னக் கருவி ஒன்றைக் கூடவே போட்டுவிட்டால் ஊகிக்க வேண்டியதில்லை. ஜெல்லின் நிறம் மாறியதும் அடுப்பில் 120 டிகிரியில் இரண்டு மணி நேரம் காயவைத்தால் மறுபடி பயன்படும். முழுக்கக் காற்றில்லாமல் வருஷக்கணக்கில் மூடியும் வைக்கக்கூடாது. வெயில் நாளில் திறந்து பக்கங்களைப் புரட்டுங்கள்.

கடையின் சேவை ஒன்றைப் பாராட்டியே ஆக வேண்டும். வீட்டில் கிடந்த பழைய உறைகளைக் கொண்டுபோனால் காசு வாங்காமல் படித்துச் சொல்கிறார்கள். தோட்டத்திலிருந்து தமிழ்நாட்டுக்குப் போய்த் திரும்பவும் உறவினர் கையில் இங்கே வந்த உறைகள் இந்தப் பக்கத்தில் நிறையப் பேரிடம் உண்டு. முகவரி தமிழில் இருக்கும், ஜில்லாப் பெயர் மட்டும் வேறொரு கையெழுத்தில் ஆங்கிலத்தில் இருக்கும். தோட்டத்துக் கிராணி எழுதிக் கொடுத்ததாக இருக்கலாம். முன்பக்கத்தில் குளுவாங் முத்திரை, பின்பக்கத்தில் போய்ச் சேர்ந்த ஊரின் முத்திரை. இரண்டு தேதிக்கும் நடுவே எத்தனை நாள் என்று எண்ணினால் கடிதம் ரஜூலா போன்ற கப்பலில் நாகப்பட்டினம் போனதா, விமானத்தில் போனதா என்று தெரிந்துவிடும். கடைக்காரர் இதைப் பொறுமையாக எண்ணிக் காட்டுகிறார். விற்கச் சொல்லி வற்புறுத்துவதில்லை. உள்ளே கடிதம் இருந்தால், "இதை எடுத்து வீட்டுல வச்சுக்குங்க, உறை மட்டும் போதும்" என்று திருப்பிக் கொடுத்துவிடுகிறார். நல்ல வழக்கம்.

விற்க நினைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: உறையில் இருக்கும் தலையை வெட்டி எடுத்துத் தனியாகக் கொண்டுபோகாதீர்கள். வெட்டிய தலைக்கு 2 வெள்ளி; அதே தலை முன்னும் பின்னும் முத்திரையோடு உறையில் இருந்தால் அதைப்போல் பல மடங்கு. வெட்டிய பிறகு ஒட்டவைக்க வழியில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பெட்டிகளுக்கு முன்னால் கூட்டம் நிற்கும். ஜொகூர் பாரு, சிங்கப்பூர்ச் சேகரிப்பாளர்கள் வந்து சிறிய ஊர்களின் முத்திரைகளை முதலில் பொறுக்கிவிடுகிறார்கள். வேலை நாளில், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு போவது நல்லது. கையில் சொந்த லென்ஸ், இடுக்கி, பல் அளவி (தலையின் ஓரப் பற்களை அளப்பது) மூன்றும் கொண்டுபோங்கள். கடையில் இருக்கும் இடுக்கியின் முனை வளைந்து தலையின் பல்லைக் கடிக்கிறது. கண்ணாடி அலமாரிப் பக்கம் திரும்பாமல், "அண்ணே, மேல்தட்டுப் பெட்டிய இறக்குங்க" என்று கேளுங்கள். ரெங்கம் பெட்டி இப்போது நிறைந்திருக்கிறது. லாயாங் லாயாங் பெட்டியில் இருப்பது ஏழே தலைகள், அதில் இரண்டில்தான் வட்டம் முழுதாக இருக்கிறது.